வாளியில் கரைத்த கொப்பி

எங்கள் வீட்டில் பெயர் எழுதிய கடதாசி எதுவும் இருக்காது. பாரிசுக்கு வந்த பிறகும் அப்படித்தான். தொலைபேசி இலக்கங்களைத் தலைக்குள் வைத்திருப்பேன்; கைபேசியில்கூட ஆட்களின் பெயரைப் போட்டுச் சேமிக்க மாட்டேன். "கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற பொம்பிளையை இப்பதான் பாக்கிறன்" என்று என் மனுசன் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். அவருடைய அப்பா வயது போய், கட்டிலில் படுத்து, பிள்ளைகள் சுற்றி நிற்கச் செத்தவர். அவருக்குப் பகிடி வரும்.

என் அப்பா ஊரில் சங்கக்கடையில் வேலை செய்தார். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு நிவாரண அரிசி கொடுத்தபோது, யார் யாருக்குக் கொடுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், பிள்ளைகளின் பெயர், வயது. அவ்வளவுதான். சோதனைக்கு வந்த ஆமிக்காரர் அந்தக் கொப்பியைக் கண்டார்கள். அரிசி வாங்கிய சனத்தின் பட்டியல் அவர்களுக்கு வேறு பட்டியலாகத் தெரிந்தது. அப்பாவையும் கொப்பியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டும் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் அம்மா வீட்டில் இருந்த கடதாசி எல்லாவற்றையும் நெல் அவிக்கிற கிடாரத்துத் தண்ணீரில் ஊறப்போட்டார். கடிதங்கள், எங்கள் பள்ளிக்கூட றிப்போட், கலியாணக் காட்டுகள், ஒன்றும் மிச்சமில்லை. எரிக்கக் கூடாது. எரித்தால் புகை எழும்பும். புகை எழும்பினால் என்ன எரிக்கிறாய் என்று கேட்க ஆள் வரும். ஊறவிட்டுக் கையால் பிசைந்தால் முதலில் மை போகும், பிறகு தாள் கூழாகும். அதை வாழைக்கு ஊற்றிவிடலாம். எனக்குப் பதின்மூன்று வயது. நானும் பக்கத்தில் குந்தியிருந்து பிசைந்தேன். இது எங்கள் வீட்டு வித்தை மட்டுமில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படிச் செய்தார்கள்.

இதை முதலில் சொல்லாவிட்டால் நான் பாரிசின் லாச்சப்பலில் செய்த காரியம் உங்களுக்கு விளங்காது. ஒரு மனுசியின் பெயர் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தது. அதை நான் இந்தக் கைகளால் பிசைந்து கரைத்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, பயத்தில்.

அப்போது எங்கள் அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பின்னால், ஒரு கட்டடத்தின் உச்சிமாடியில், ஒற்றை அறையில் நானும் மனுசனும். அவருக்கு ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. எனக்கு ஓர் அண்ணை வேலை தந்தார். கட்டடங்களைத் துப்புரவாக்கிக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர். பதிவில்லாத வேலைதான். "தங்கச்சி, ஆரும் கேட்டா இண்டைக்குத்தான் வந்தனான் எண்டு சொல்லும்" என்றார். வேலை பழக்கியது அவ்வளவுதான். நாலு மாதமாக நான் இன்றைக்குத்தான் வந்தவள்.

நான் துப்புரவாக்கிய கட்டடம் பாரிசில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் இருந்தது. ஆறு மாடி. அதற்குக் கீழே நிலத்துக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள்; 'காவ்' என்பார்கள். ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த இடம். குடியிருக்கிற ஆட்கள் கூடிப் பேசி, அதையெல்லாம் வெறுமையாக்கிச் சைக்கிள் விட இடம் எடுப்பதாக முடிவாகியிருந்தது. உடைந்த கட்டில், ஊத்தைத் துணி, எலிப் பிழுக்கை எல்லாவற்றையும் பையில் கட்டி மேலே சுமப்பது என் வேலை.

இரண்டாம் மாடியில் ஒரு வயதான பிரெஞ்சு மதாம் இருந்தார். கட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமுடி, கையில் தடி. ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு மடக்குக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு காவுக்கு இறங்கி வருவார். படியடியில் கதிரையை விரித்துக் குந்துவார். கையில் டோர்ச் லைட். நான் தூக்கிக்கொண்டு போகிற ஒவ்வொரு பையையும் நிற்பாட்டி, வெளிச்சம் அடித்து உள்ளே பார்ப்பார். எந்த நாடு என்று கேட்பார். உன்னை வேலைக்கு வைத்தது யார் என்று கேட்பார். இது எங்கே கிடந்தது, அது எந்த அறை. எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு நாலு சொல்லு. நாலையும் மாறி மாறிச் சொல்லிவிட்டு ஓடுவேன். அறுவாள், என்னைப் பிடித்துக் கொடுக்கத்தான் குந்தியிருக்கிறாள் என்று மனதுக்குள் திட்டுவேன். மரியாதையெல்லாம் பிறகு வந்ததுதான்.

ஒரு வியாழக்கிழமை, கடைசி அறையைத் துப்புரவாக்கினேன். நிலக்கரித் தூளைக் கூட்டி அள்ளும்போது, சுவரடியில் ஒரு பலகை ஆடியது. அதற்குப் பின்னால் நாலு செங்கல் சாந்து பூசாமல் சும்மா செருகியிருந்தது. இழுத்தேன். மெழுகுசீலையில் சுற்றிய ஒரு பிஸ்கட் டின். உள்ளே இரண்டு பள்ளிக்கூடக் கொப்பிகளும் ஓர் உறையில் சின்னச் சின்னப் படங்களும் இருந்தன. முதல் கொப்பியைத் திறந்தேன். இலக்கம், பெயர், வயது. அடுத்த வரியிலும் இலக்கம், பெயர், வயது.

ஐயோ கடவுளே! ஒளித்து வைக்கிற கையின் வேலை எனக்குத் தெரியும். மெழுகுசீலையை இரண்டு மடிப்பு மடித்து, சணல் கயிறை இறுக்கி, முடிச்சை உள்ளே விட்டுக் கட்டியிருந்தது. இதைக் கட்டிய ஆள் பயந்து பயந்து கட்டியிருக்க வேண்டும்.

படியில் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. மதாம் கதிரையை விட்டு எழும்பி வருகிறார். நான் டின்னை வாளிக்குள் போட்டு, அழுக்குத் துணியால் மூடி, சுவருக்கு முன்னால் பையை இழுத்து விட்டேன். ஏதாவது கிடைத்ததா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கும். ஒவ்வொரு நாளும் கேட்கிறதுதானே. தோளைக் குலுக்கினேன். அவர் வாளியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு வெறும் தரைக்கு டோர்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். கடைசியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் போனார். அவ்வளவு மெதுவாகப் போனது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஏன் எடுத்தாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. இருந்த இடத்தில் வைத்தால் மதாம் கண்டுபிடிப்பார், என் கைரேகை அதில் இருக்கிறது. குப்பையில் போட்டால் குப்பையைக் கிளறுகிறவர் எடுப்பார். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனுசனிடம் காட்டினேன்.

"உமக்கென்ன விசரா? வேலியாலை போன ஓணானை ஏன் மடிக்குள்ளை விட்டனீர்?"

"அப்ப அதிலையே விட்டிட்டு வரச் சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. பின்னேரம் நான் வரேக்குள்ளை இது இஞ்சை இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் சனம் நெரியும். நான் கதவைப் பூட்டி, யன்னலை மூடி, கட்டிலில் இருந்து கொப்பியைப் படித்தேன்.

வாத்தியார் எழுத்துப் போல ஒரு சீரான எழுத்து. இலக்கம், பிள்ளையின் பெயர், வயது, தகப்பன், தாய். வயதெல்லாம் நாலு, ஏழு, மூன்று, ஒன்பது. சில வரிகளை அடிமட்டம் வைத்து ஒரே கோடாக வெட்டியிருந்தது. வெட்டிய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே ஒரு சொல் இருந்தது: திரான்சி.

அதைக் கண்டதும் எனக்கு மனம் கொஞ்சம் இலேசானது. உண்மையைச் சொல்ல வேண்டும், சந்தோசமாகக்கூட இருந்தது. பாரிசுக்குப் பக்கத்து ஊரான திரான்சியில்தான் என் மச்சாள் இருக்கிறாள். லாச்சப்பலில் சனம் ஒற்றை அறையில் நெருக்குப்பட்டுக் கிடக்கும், பிள்ளைகள் வளரும், அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து, ஒருநாள் திரான்சியில் மூன்று அறை வீடு கிடைத்துச் சாமான் ஏற்றும். எங்கள் சனத்தில் எத்தனை குடும்பம் அப்படிப் போனது! இவர்களும் அப்படி வீடு மாறிப் போனவர்கள், அதனால் இங்கே வெட்டியிருக்கிறது என்று நினைத்தேன். குடுத்து வைத்த சனம் என்றும் நினைத்தேன்.

பிறகுதான் பயம் வந்தது. அப்படியென்றால் இவர்கள் உயிரோடு இருக்கிற ஆட்கள். தாள் பழசு, அது எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலுக்கு வயது போவதில்லை. என் சின்ன மாமாவைப் பன்னிரண்டு வருசம் கழித்து விமான நிலையத்தில் ஒரு பழைய பட்டியலில் பெயர் பார்த்துத்தான் பிடித்தார்கள். இந்தப் பிள்ளைகள் இப்போது பேரப்பிள்ளை கண்டு திரான்சியில் நிம்மதியாக இருப்பார்கள். தங்கள் தாய் தகப்பன் பெயர் ஒரு காவுக்குள் எழுதிக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதை ஒரு கிழவி டோர்ச் லைட் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறாள். பெயர்ப் பட்டியலை டோர்ச் அடித்துத் தேடுகிற ஆட்களில் ஒரு வகையைத்தான் எனக்குத் தெரியும்.

வாளியில் சுடுதண்ணீர் பிடித்தேன். ஒவ்வொரு தாளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்து, உள்ளே போட்டேன். எழுத்து இருந்தால் கண் தானாகப் படிக்கும். தண்ணீர் நீலமானது. முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பிசைந்தேன். நல்ல தாள், இலேசில் கரையவில்லை, ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. படிக்கட்டுத் தளத்தில் இருந்த பொதுக் கக்கூசில் மூன்று தரமாக ஊற்றித் தண்ணீர் அடித்தேன்.

இரண்டாவது கொப்பியில் ஆட்களின் பெயர் இல்லை. இலக்கமும் அதற்கு நேரே ஓர் ஊர்ப் பெயரும்தான். ஊர்ப் பெயரை யார் பிடித்துக்கொண்டு போவது என்று அதை விட்டுவிட்டேன். படங்களையும் கரைக்கவில்லை. எல்லாம் குழந்தைகள். பின்பக்கத்தில் ஒவ்வோர் இலக்கம். முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்க எனக்கு மனம் வரவில்லை. மிச்சத்தை டின்னுக்குள் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அன்று பின்னேரம் நான் தேங்காய்ப்பூ திருவிச் சம்பல் அரைத்து நன்றாகச் சாப்பிட்டேன். முன்பின் தெரியாத சனத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

திங்கட்கிழமை மதாம் என்னைப் படியில் மறித்தார். மேலே வா என்று கையைப் பிடித்தார். வீட்டுக்குள்ளே கதிரையில் இருத்தி, கோப்பி ஊற்றித் தந்து, மேசையில் கைபேசியை வைத்து அதற்குள் பிரெஞ்சில் பேசினார். கைபேசி தமிழில் பேசியது. சென்னை ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல்.

"தயவுசெய்து அஞ்ச வேண்டாம். நான் காவல்துறையைச் சேர்ந்தவள் அல்ல. நான் இரண்டு குறிப்பேடுகளைத் தேடுகிறேன்."

கோப்பி என் மடியில் சிந்தியது.

மதாம் வசனம் வசனமாகச் சொன்னார், கைபேசி ஆறுதலாகத் தமிழ்ப்படுத்தியது. ஜெர்மன்காரர் பாரிசைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் யூதக் குடும்பங்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். இந்தக் கட்டடத்தில் ஓர் ஆசிரியை இருந்தார். தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைகளை வாங்கி, வேறு பெயர் வைத்து, தூரத்து ஊர்களில் தோட்டக்கார வீடுகளில் ஒளித்து வைத்தார். ஒரு கொப்பியில் இலக்கமும் உண்மைப் பெயரும், மற்றக் கொப்பியில் இலக்கமும் ஊரும். ஒன்று பிடிபட்டாலும் பிள்ளை பிடிபடக் கூடாது. யுத்தம் முடிந்த பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அந்த ஆசிரியையையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொப்பிகள் எங்கே என்று சொல்ல அவர் திரும்பி வரவில்லை. பிறகு வந்தவர்கள் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் தேடினார்கள், முற்றத்தைக் கிண்டினார்கள், கிடைக்கவில்லை.

"என்னை அந்தக் கிராமத்தில் விட்டபோது எனக்கு இரண்டு வயது" என்றது கைபேசி. "இப்போது எனக்கு இருக்கும் பெயர் அந்த ஆசிரியை வைத்த பெயர். என் தாய் என்னை எந்தப் பெயரால் அழைத்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்காகவே இந்தக் கட்டடத்தில் வீடு வாங்கினேன்."

எல்லாப் பிள்ளைகளும் தப்பவில்லை என்று அவர் தொடர்ந்தார். அனுப்ப முன்னமே சிலர் பிடிபட்டார்கள். கைபேசி அதே குரலில் சொன்னது: "பிடிபட்டவர்களைத் திரான்சிக்குக் கொண்டு சென்றார்கள்."

"திரான்சியோ?" என்று கத்திவிட்டேன். "அங்கை எங்கட சனமெல்லோ இருக்கினம்!"

மதாம் என்னைப் பார்த்தார். இப்போது அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்தான் என்றார். அதே கட்டடங்கள்தான். அப்போது அது முகாம். அங்கே வைத்திருந்து, ரயில் பெட்டிகளில் அடைத்து, கொல்வதற்கு அனுப்பினார்கள். குழந்தைகளையும் அனுப்பினார்கள். நாளைக்கு மழை பெய்யும் என்கிற மாதிரியே கைபேசி அதையும் வாசித்தது.

மச்சாள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய ரயில் பெட்டி நிற்கும். மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு செய்த அன்று, சேலையும் கொண்டைமாலையுமாக நாங்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். நான் அழகுக்கு வைத்தது என்று நினைத்தேன். வேலை இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டுப் படியால் ஓடி இறங்கினேன்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பொலிஸ் வண்டி லாச்சப்பலில் நாளுக்கு இருபது தரம் கத்திக்கொண்டு போகும். இருபது தரமும் எனக்குத்தான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். மனுசனிடம் சொன்னேன்.

"வாயைத் திறக்காதையும்" என்றார். "வழக்கு வாற மாதம். பழைய சாமானை அழிச்சவள் எண்டு ஒரு கடதாசி போனாலும் எங்கடை கதை முடிஞ்சுது. மிச்சத்தைக் கொண்டுபோய் இருந்த இடத்திலை வையும். அவ தானாக் கண்டெடுக்கட்டும்."

பிழையான யோசனை இல்லை. இரண்டு நாள் அதையே செய்யப் பார்த்தேன். டின்னைப் பையில் வைத்து வேலைக்குக் கொண்டுபோவேன், அந்த அறைக்குள் போவேன், திருப்பிக் கொண்டுவருவேன். வைத்துவிட்டால் ஒரு கொப்பி கிடைக்கும். மற்றது எங்கே என்று அவர் சாகும் வரைக்கும் அந்தச் சுவர்களைத் தட்டித் தட்டித் தேடுவார்.

எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். அப்பாவை ஏற்றிய வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது, அங்கே என்ன நடந்தது என்று அவர் கண்டவர். கண்டவர் என்று ஊர் முழுக்கத் தெரியும். அம்மா அவருடைய படலையில் போய் நின்று அழுது கேட்டார். அவர் வாய் திறக்கவே இல்லை. அந்த மனுசனுக்கு நான் எத்தனை வருசம் மண் அள்ளித் தூற்றியிருப்பேன்! அவருக்கும் பிள்ளைகள் இருந்தன, அவருக்கும் பயம்தானே. இப்போது நான் அவருடைய இடத்தில் இருக்கிறேன் என்று விளங்கியபோது, எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

வியாழக்கிழமை டின்னோடு இரண்டாம் மாடிக்குப் போய் மணி அடித்தேன். கைபேசியை எடுங்கோ என்று காட்டினேன். சொன்னேன். அந்த இழவு கைபேசிக்கு என் தமிழ் விளங்கவில்லை. "மற்றக் கொப்பியை நான் கரைச்சுப்போட்டன்" என்றால் அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பவும் சொன்னேன், திரும்பவும் சுற்றியது. மூன்றாம் தரம், செய்தி வாசிக்கிறவளைப் போலவே நிமிர்ந்திருந்து சொன்னேன்: "பெயர்கள் இருந்த குறிப்பேட்டை நான் தண்ணீரில் போட்டு அழித்துவிட்டேன்."

அது உடனே பிரெஞ்சில் சொன்னது.

மதாம் தடியால் மேசையில் அடித்தார். கோப்பை விழுந்து உடைந்தது. கத்தினார். போ வெளியே என்கிறதற்குக் கைபேசி தேவைப்படவில்லை. நான் போகவில்லை. அப்பாவின் கொப்பியை, கிடாரத்தை, பட்டியல் வைத்துத் தேடுகிறவர்களை, திரான்சி என்று கண்டு நான் நினைத்ததை எல்லாம் அழுதழுது, செய்தித் தமிழில், வசனம் வசனமாகச் சொன்னேன். கடைசியில் மதாம் கதிரையில் இருந்துவிட்டார். கைகள் இரண்டும் தடியின்மேல் கிடந்தன. பிறகு டின்னைக் காட்டி, திற என்றார்.

இரண்டாவது கொப்பியில் விரல் வைத்து வரி வரியாக இறங்கினார். அவர் வளர்ந்த ஊர் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. இலக்கம் முப்பத்தொன்று. படங்களை நான் மேசையில் குப்புறப் பரப்பினேன். முப்பத்தொன்றைத் திருப்பினோம். தலையில் நாடா கட்டி, கோபமாகப் பார்க்கிற ஒரு சின்னப் பெண்பிள்ளை. அந்தப் புருவம் எனக்கு முன்னால் வெள்ளையாக இருந்தது.

மதாம் படத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார், கைபேசி சொன்னது: "அழிக்கும் முன் நீங்கள் வாசித்தீர்களா?"

"ஓம்."

"முப்பத்தொன்று?"

கண்ணை மூடினேன். நீலத் தண்ணீர்தான் தெரிந்தது. இந்த மனுசியின் பெயரைக் கடைசியாக வாசித்த ஆள் நான், உயிரோடு இருக்கிறதில் அதை வாசித்த ஒரே ஆளும் நான், எனக்கு ஓர் எழுத்துக்கூட வரவில்லை. அப்படி ஒரு பயம் செக் பொயிண்டிலும் எனக்கு வந்ததில்லை. ஆனால் அந்தப் பக்கம் வந்தது. அடுத்தடுத்து இரண்டு வரி, முப்பதும் முப்பத்தொன்றும். ஒரே குடும்பம், கீழ் வரியில் தாய் தகப்பன் பெயருக்கு, மேலே உள்ளதேதான் என்று இரண்டு குறி மட்டும் போட்டிருந்தது. மேல் வரி வெட்டியிருந்தது, கீழ் வரி வெட்டவில்லை. அதைக் கண்டபோது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆறு வயதுப் பெரியவனைத் திரான்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு வயதுக் குஞ்சை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாளே, இவளும் ஒரு தாயா என்று வாயால் திட்டியிருந்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். முப்பது என்ற இலக்கம் மேலே தெரிய ஒரு படம் மேசையில் குப்புறக் கிடந்தது.

"மதாம், உங்களுக்கு ஓர் அண்ணை இருந்தவர்."

கைபேசி அதைத் தவறாமல் பிடித்துக்கொண்டது. மதாம் தலையாட்டி மறுத்தார். இல்லை, நான் தனி, தனிப் பிள்ளை என்றுதான் எனக்குச் சொன்னார்கள் என்றார். நான் முப்பதைத் திருப்பினேன். காதுகள் வெளியே தள்ளிய ஒரு பையன். கழுத்துப் பொத்தான் பூட்டி, முன்பல் விழுந்த வாயால் சிரிக்கிறான். அவனுடைய பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது, சின்னப் பெயர். குடும்பப் பெயரும் தாய் தகப்பன் பெயரும் வரவில்லை. சொன்னேன். இங்கே எழுத மாட்டேன், அது மதாமின் சொத்து. அவர் அதைத் தானும் ஒருமுறை சொன்னார். திரும்பவும் சொன்னார். எண்பது வயதுக்கு மேல் ஒரு மனுசி, வாழ்க்கையில் முதல் தரம் தன் அண்ணையைக் கூப்பிடுகிறாள். பிறகு அவனுடைய வரிக்கு என்ன ஆனது என்று கேட்டார். நான் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோட்டின் ஓரத்தில் எழுதியிருந்த ஊரின் பெயரை அவர் என்னிடம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கிற இரண்டு பேர் வந்தார்கள். பொலிஸ் என்று நினைத்து நான் சமையலறைக்குள் ஒளிந்தேன். அவர்கள் வெள்ளைக் கையுறை போட்டு ஒவ்வொரு படத்தையும் ஒவ்வோர் உறையில் வைத்தார்கள். எனக்கு ஞாபகம் வந்த பெயர்களைக் கேட்டு எழுதினார்கள். பதினொரு பெயர் வந்தது. பதினொன்றில் முப்பத்தொன்று இல்லை. எங்கள் வழக்கு பிறகு ஒருவழியாகச் சரிவந்தது, விசா கிடைத்தது. மதாம் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் அவர் இன்றுவரைக்கும் சொன்னதில்லை.

வியாழக்கிழமைகளில் நான் மதாம் வீட்டுக்குப் போகிறேன். அந்தக் காலத்து யூதக் குடும்பங்களில் பெண்பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைச் சேர்த்துச் சேர்த்து அவர் ஒரு கட்டாக எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக் கேட்டு, இல்லை என்று தலையாட்டுவேன். ஒரு நாளைக்கு இருபது பெயர், அதற்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கும்.

போன வியாழன் அவருக்கு உடம்பு சரியில்லை. கட்டிலில் சாய்ந்திருந்து வாசித்தார். ஒரு பெயரை வாசித்ததும் தானாக நின்றுவிட்டார். அழகான பெயர். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. திரும்ப ஒருமுறை, மெதுவாக, தன்னைத்தானே கூப்பிடுகிற மாதிரி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடுவார். பொய்யென்று கண்டுபிடிக்க உலகத்தில் ஆளில்லை. எனக்கு வாய் திறந்துவிட்டது.

தலையாட்டினேன், இல்லை என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தார்.